தார்ப்பாய்க்குள் ஒரு துண்டுப் பேப்பர்

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால், ஆணியில், ஒரு நீலத் தார்ப்பாய் மடித்துத் தொங்குகிறது. லாரிக்காரர் ஒருவர் கிழிந்துபோனதென்று கழித்துப் போட்டதை என் வீட்டுக்காரர் கேட்டு வாங்கிவந்து, நல்ல பாகத்தை மட்டும் வெட்டி, ஓரத்தை என் தையல் மிஷினில் தானே மடித்து அடித்தார். ஊசி உடைந்தது. அன்றைக்கு நான் கத்திய கத்து எதிர்வீட்டுக்காரிக்கு இன்னும் மறந்திருக்காது. அதன் மடிப்புகளில் எண்ணூர் ரோட்டு நிலக்கரித் தூசி கறுப்பாக ஏறியிருக்கிறது. தேய்த்துத் தேய்த்துப் பார்த்தும் போகவில்லை. இப்போது தேய்ப்பதையே விட்டுவிட்டேன்.

அவருக்கு ராயபுரத்தில் ஒரு மருந்து மொத்தக் கடையில் வேலை. பெட்டிகளை மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் கட்டிக்கொண்டு தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் மருந்துக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வெயில் காலத்தில் அது ஒரு வேலையே இல்லை. ஐப்பசி பிறந்தால்தான் பேஜாரு. அட்டைப்பெட்டியின் ஒரு மூலை ஊறியிருந்தாலும் கடைக்காரர் வாங்க மாட்டார். அப்படி ஒரு பெட்டி திரும்பி வந்தால் மனுஷன் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். கடையில் திட்டு விழுமே என்பதற்காக இல்லை. சர்க்கரை மாத்திரைக்காக அந்தக் கடை வாசலில் யாரோ ஒரு கிழவி காத்திருந்துவிட்டுப் போயிருப்பாள் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

மழைக்காலக் காலையில் அவர் மூட்டை கட்டுவதைப் பார்க்கவேண்டும். எல்லோரும் மேலே ஒரு பிளாஸ்டிக்கைப் போர்த்திவிட்டுக் கிளம்புவார்கள். இவர் முதலில் அடியைத்தான் பார்ப்பார். சீட்டின்மேல் வாசற்படிக்குப் போட்டிருந்த பழைய ரப்பர் மிதியடி, அதன்மேல் தார்ப்பாய், அதற்குள் கனமான பிளாஸ்டிக் உறை, உறைக்குள் பெட்டி. "மழ மேலேர்ந்து வராதும்மே, கீழேர்ந்துதான் வரும்" என்பார். எங்கள் பக்கத்து ரோட்டில் போனவர்களுக்கு இது புரியும். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி பள்ளத்தில் ஒரு சக்கரத்தை விட்டால் போதும், கறுப்புத் தண்ணீர் இடுப்புக்கு மேலே எழும்பி அடிக்கும். தார்ப்பாயின் வாயைச் சுருட்டி, சைக்கிள் டியூபை வெட்டிய பட்டையால் இழுத்துக் கட்டுவார். வாய் எப்போதும் பின்பக்கம் இருக்கவேண்டும். முன்பக்கம் இருந்தால் வண்டி போகிற வேகத்துக்கு மழையே கட்டைப் பிரித்துவிடுமாம்.

இத்தனையும் போதாதென்று ஒரு வேலை செய்வார். கட்டுவதற்கு முன்னால் பழைய பேப்பரில் ஒரு துண்டைக் கிழித்துப் பெட்டியின்மேல் வைப்பார். போய்ச் சேர்ந்து பிரித்ததும் முதலில் அந்தப் பேப்பரைத்தான் தொட்டுப் பார்ப்பார். மொறமொறவென்று இருந்தால் அவருக்குச் சொர்க்கம். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டுவார். "பாத்தியாம்மே, எப்டி கீது?" எண்ணூர் வரைக்கும் போய்வந்த பேப்பர் காய்ந்திருக்கும். அதைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்துக்கொண்டு வருகிற மனுஷன் மட்டும் சொட்டச் சொட்ட நிற்பார்.

ஏனென்றால் கடையில் கொடுத்த ரெயின்கோட்டையும் அவர் மூட்டைக்குத்தான் போட்டுவிடுவார். அதன் இரண்டு கைகளையும் பெட்டியைச் சுற்றி முடிச்சுப் போடுவார், குழந்தைக்குப் போடுகிற மாதிரி. "யோவ், கோட்டு உனக்கா மூட்டைக்கா?" என்று நான் கேட்காத மழைநாள் கிடையாது. சிரிப்பார். "நான் நனைஞ்சா நீ தொடச்சி வுடுவ. மாத்திர நனைஞ்சா யாரு தொடப்பா?" தலையைத் துவட்டிக்கொண்டே முதுகில் ஒன்று வைப்பேன். அந்த ஈர முதுகின் சில்லிப்பு என் உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது.

ஒரு வருஷம் திருவொற்றியூரில் தண்ணீர் முழங்காலுக்கு நின்றது. வண்டி நின்றுபோக, இறங்கித் தள்ளியிருக்கிறார். குதிகாலில் ஏற்கெனவே ஒரு சின்ன வெட்டுக்காயம். சில நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தானே என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். கண் மஞ்சளாகிப்போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார். எலிக்காய்ச்சல், காயத்தில் பட்ட தெருத்தண்ணீரால் வந்தது என்றார்கள். அவர்களும் எவ்வளவோ பார்த்தார்கள். ஊருக்கெல்லாம் மருந்து சுமந்தவருக்கு மருந்து கேட்கவில்லை. ஐயோ, அந்தப் பாழாய்ப்போன மழை.

அஸ்தியைக் கடலில் கரைக்க வேண்டிய காலையிலும் அது விடவில்லை. சுடுகாட்டிலிருந்து வரும் கலயத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. அதனால் என் தம்பி தெருமுனை டீக்கடைப் பந்தலுக்கடியில் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். அவருடைய வண்டியையே எடுத்துவந்திருந்தான். நான் தார்ப்பாய், உறை, மிதியடி, டியூப் பட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். பெண்கள் வருவது வழக்கமில்லை என்று உறவுக்காரர் ஒருவர் ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். பந்தலுக்கடியிலேயே உட்கார்ந்து உறையை விரித்துக் கலயத்தை வைத்தேன். டீக்கடைப் பேப்பரில் ஒரு துண்டைக் கிழித்து மேலே வைத்தேன். தார்ப்பாயைச் சுற்றி, வாயைச் சுருட்டி, டியூப் பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டினேன். தம்பிக்குத் தாங்கவில்லை. "யக்கா, கடல்ல கரைக்கத்தானே எடுத்துகினு போறோம். நனைஞ்சா இன்னாக்கா?" என்று அழுதான்.

"கடல் அப்புறம்டா. வழியில நனையக் கூடாது" என்றேன்.

மிதியடியை மடியில் போட்டு, அதன்மேல் மூட்டையை வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். கட்டின வாய் என் வயிற்றோடு ஒட்டியிருந்தது. என் ரெயின்கோட்டைக் கழற்றி அதன்மேல் போர்த்தி, இரண்டு கைகளையும் சுற்றி முடிச்சுப் போட்டேன். எண்ணூர் போய்ச் சேரும்வரை மழை என்மேல் பெய்தது. லாரிகள் கறுப்புத் தண்ணீரை வாரி அடித்தன. முகத்துவாரத்தில் தம்பி குடை பிடிக்க, மணலில் உட்கார்ந்து பிரித்தேன். பேப்பரைத் தொட்டேன். மொறமொறவென்று இருந்தது. மழையில் அந்த ரோட்டில் எத்தனையோ தடவை போன மனுஷன், நனையாமல் போனது அந்த ஒரு தடவைதான். "பாத்தியாய்யா, எப்டி கீது?" என்று கேட்டுவிட்டேன். தம்பிதான் கலயத்தை வாங்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான்.

இந்த வருஷ மழை போன வாரம் ஆரம்பித்தது. எங்கள் மகளுக்கு எண்ணூரைத் தாண்டிக் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு ஆபீசில் வேலை, ஸ்கூட்டரில் போகிறாள். காலையில் தார்ப்பாயை ஆணியிலிருந்து அவளே எடுத்தாள். நான் சொல்லிக்கொடுத்ததில்லை. அப்பாவைப் பார்த்தே வளர்ந்தவள். அடியில் மிதியடி போட்டாள், லேப்டாப் பையின்மேல் ஒரு துண்டுப் பேப்பரை வைத்தாள், வாயைப் பின்பக்கம் திருப்பிக் கட்டினாள். பிறகு தன் ரெயின்கோட்டை எடுத்து, அதன் கைகளை மூட்டையைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

ஓடிப்போய் முடிச்சை அவிழ்த்தேன். கோட்டை அவள் தோளில் போட்டு, கழுத்துவரை ஒவ்வொரு பொத்தானாக நானே மாட்டினேன். "அம்மா, உள்ள லேப்டாப் கீதும்மா, நனைஞ்சிடும்" என்றாள்.

"நனைஞ்சா நனைஞ்சிட்டுப் போவுது. நீ காய்ஞ்சி வாடி."