பௌர்ணமியில் வெட்டிய தூண்டில்கழி

என் வீட்டுக்காரர் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பார். ராத்திரி காவல் வேலை என்பதால் பகலில்தான் தூக்கம். கல்யாணமான புதிதில் எலி என்று நினைத்துத் துடைப்பத்தோடு கட்டிலுக்கு அடியில் நுழைந்திருக்கிறேன். அதைச் சொன்னால் பொழுது போய்விடும்.

லீவு நாளில் அவருக்குத் திருநீர்மலை ஏரிதான். மூங்கிலை அவரே வெட்டி, தணலில் வாட்டி நிமிர்த்தி, நுனியைச் சீவிச் சீவி மெலிதாக்குவார். புழு வைக்கவே மாட்டார். சேவலின் கழுத்து இறகைத் தூண்டில் முள்ளில் சுற்றி, ஒரு ஈயைப் போலச் செய்து, தண்ணீரில் பட்டும் படாமலும் விடுவார். கரையில் நிற்பவர்கள் விடுவார்களா? "இன்னா நைனா, மீனுக்குக் கோழி பிரியாணியா?" என்பார்கள். சிரித்து முடிப்பதற்குள் கெண்டை ஒன்று துள்ளி வரும்.

எனக்கும் ஆசை வந்துவிட்டது.

"அமாவாசை வரட்டும். இப்ப பௌர்ணமி, மூங்கில்ல இனிப்பு ஏறிக் கீது. வெட்டினா பூச்சி வுடாது" என்றார்.

"அதுவரைக்கும் நான் இன்னா, கொசு அடிச்சிகினு இருக்கறதா?"

சிரித்துக்கொண்டே மறுநாளே வெட்டினார். அந்தக் கழியில் முதல் மீன் தொட்டபோது, பிள்ளை விரலைப் பிடிப்பதுபோல உள்ளங்கையில் தெரிந்தது. நான் போட்ட கூச்சலில், தலைக்குமேல் போன விமானத்தின் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

போன தை மாதம் அவர் போய்விட்டார்.

ஒருநாள் மத்தியானம் படுத்திருக்கிறேன். நறநற. கொஞ்சம் நின்று, மறுபடி நறநற. மூலையில் சாத்தியிருந்த என் கழிக்குள்ளிருந்து வந்தது. பயம் என்ன பயம்? பாயைக் கழிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். நல்ல தூக்கம்.

மகளிடம் சொன்னேன். அவள் கழியைச் சாய்த்துத் தட்டினாள். மஞ்சள் மாவு கொட்டியது.

"அப்பாவும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. பூச்சி! வூடெல்லாம் மாவு பாரு. ஓட்டையில கெரசின் வுடு, இல்லாட்டி கழி ஒடிஞ்சிடும்."

"நாளைக்கு வுடறேன்டி."

நாளைக்கு, நாளைக்கு என்று நாலு நாள் ஓட்டினேன். மத்தியானம் ஆனால் பாயில் இருப்பேன். நாலாம் நாள், இரண்டாவது கணுவில் அழுத்திப் பார்த்தபோது நகம் உள்ளே இறங்கியது. அன்றே அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம். சத்தத்தை வைத்துக்கொண்டால் கழி போகும். கழியைக் காப்பாற்றினால் சத்தம் போகும். அவர் கை பட்டுச் சீவிய கழி அது ஒன்றுதான் மிச்சம்.

"கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, கண்மருந்து புட்டியால் ஒவ்வொரு ஓட்டையிலும் கெரசின் சொட்டுவிட்டேன். பிறகு வெயிலில் வைத்தேன்.

மறுநாள் மத்தியானம் வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. படுக்க முடியவில்லை. கெரசின் வாடை போகக் கையைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, கழியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். ஏரியில் ஈ காக்கை இல்லை. இறகைத் தண்ணீரில் விட்டதும், கழி வளைந்து கொடுத்தது. மீன்!

அப்போது பார்த்து மகளின் போன்.

"எங்கம்மா கீறே, இந்த வெயில்ல?"

"ஏரியில."

"தனியாவா?"

பதில் சொல்வதற்கு முன் பக்கத்தில் ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.