செல்வத்துக்கு சகுந்தலா டீச்சர் எழுதிய நான்கு வரி

இதை நான் முன்பே சொன்னேன். போன வாரம் பத்துபஸ்தி வீட்டில் சகுந்தலா டீச்சரைப் பார்த்தபோதே, இந்த மூச்சிரைப்பு நல்லதில்லை என்று அவர் தங்கையிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். யார் கேட்டார்கள்? செவ்வாய்க்கிழமை காலை, வண்டூர் படகு ஜெட்டியிலிருந்து என் அக்கா மகன் செல்வம் போன் செய்தான். "மாமா, டீச்சர் போயிட்டாங்க" என்றான்.

டீச்சர் கல்லூரியில் உளவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். மனிதரின் ஆளுமை பற்றி யார் என்ன கொள்கை சொன்னார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் ஒன்பதாவதோடு நின்றவன். ஆனாலும் என்னிடம் பேசிப் பார்த்துத்தான் பாதிக் கொள்கைகளில் அவர் தெளிவடைந்தார் என்பது எங்கள் ஊர் கராச்சர்மா முழுக்கத் தெரியும்.

இரண்டு வருடம் முன்பு செல்வம் ஓட்டிய சுற்றுலாப் படகு திடீர்க் காற்றில் மாட்டியது. உள்ளே பதினெட்டுப் பேர். இவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உறைந்துவிட்டான். பாறைக்கு ஒரு முழம் இருக்கையில் உதவியாளர்தான் பாய்ந்து திருப்பினார். படகு முதலாளி சுருக்கமாகச் சொன்னார்: "படிச்சவங்க யாராச்சும் லிக்கே, எழுத்துல குடுக்கணும், இவன் ஓட்டலாம்னு. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். பஸ், அவ்வளவுதான், அப்புறம் வேற டிரைவர்."

நான் அவனை டீச்சரிடம் கூட்டிப்போனேன். டீச்சர் முதலில் செல்வத்தின் சின்ன வயதைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டார். நீச்சல் பழக அவன் அப்பா கடலில் தூக்கிப் போட்ட கதை வெளியே வந்தது.

"சின்ன வயசைத் தோண்டிப் பயத்தோட வேரைக் காட்டும், அதுதான் இந்தக் கொள்கையோட பலம். ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள வேரைப் பிடுங்க முடியாதே அண்ணே" என்றார்.

அடுத்து, நிலையான குணங்களை அளக்கும் கொள்கை. அறுபது கேள்விகள் கொண்ட தாளை வீட்டில் எழுதிவரச் சொன்னார். "நீ எழுதினா காரியம் கெட்டுரும் மாப்ள" என்று நானே நிரப்பினேன். பதற்றப்படுவீர்களா? ஒருபோதும் இல்லை. தவறு செய்வீர்களா? மிக அரிது.

வியாழக்கிழமை காலை டீச்சர் தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எழுதினவங்களை அப்படியே காட்டிரும், இதோட பலம் அது. இதுல செல்வம் எங்கயுமே இல்ல. முழுக்க நீங்கதான் இருக்கீங்க."

டீச்சர் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"பதினெட்டு உயிர் அண்ணே. எதை நம்பி நான் கையெழுத்துப் போடறது?"

அவர் எழுந்தார்.

"இடத்துக்கு இடம் மனுஷன் மாறுவான்னு சொல்ற கொள்கை ஒண்ணு இருக்கு. அது ஊகிக்காது. அதே இடத்துல நிறுத்தி, என்ன செய்யறான்னு பாக்கும். சலோ, அந்தப் பாறைக்கே போவோம்."

மதியம் படகில் டீச்சர், செல்வம், உதவியாளர், நான். பாதி வழியில் வானம் கறுத்தது. காற்று பக்கவாட்டில் அடித்தது. செல்வத்தின் விரல்கள் வெளுத்துப்போயின. பாறையின் நுரை தெரிந்தது. நான் அவன் தோளில் கைவைத்து, "செல்வா, பயப்படாதடா" என்று அதட்டினேன். டீச்சர் கம்பியைப் பிடித்தபடி அவன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். உதவியாளரையும் நகரவிடவில்லை.

"டீச்சர், கை நடுங்குது. திரும்பிரலாமா?"

"நடுங்கட்டும். உனக்கு என்ன தோணுது?"

அவன் வேகத்தைக் குறைத்தான். முகப்பைக் காற்றுக்கு எதிரே கொண்டுவந்து, மெல்லத் திருப்பினான். அலை ஒன்று எல்லோரையும் நனைத்தது. படகு பாறையை விட்டு விலகியது.

கரை தெரிந்த பிறகு அவர் கேட்டார்: "நீ எப்படிப்பட்ட ஆளா இருக்கணும்னு ஆசைப்படறே? இதைக் கேக்கத் தெரிஞ்ச கொள்கையும் ஒண்ணு உண்டு."

"ஏத்தினவங்களைப் பத்திரமாத் திருப்பிக் கொண்டாறவனா இருக்கணும் டீச்சர்."

அன்று மாலையே எழுதிக் கொடுத்தார். "இவருக்குப் பயம் உண்டு. அதை இவர் மறைப்பதில்லை. பயம் வரும்போது படகைத் திருப்பத் தெரிகிறது. காற்றுக் காலத்தில் துணையுடன் ஓட்டட்டும்." முதலாளி இரண்டு முறை படித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். செல்வம் இன்றும் ஓட்டுகிறான்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அன்று நான் படகில் ஏறவே இல்லை. தோளில் கைவைத்ததும் அதட்டியதும் நானாகச் சேர்த்தது. மற்றது செல்வம் சொன்னது. வானத்தைப் பார்த்ததும் எனக்குக் கால் எழவில்லை. டீச்சர் படகிலிருந்து கை நீட்டி, "வாங்க அண்ணே" என்றார். வயிறு சரியில்லை என்றேன். "டீக் ஹை, இங்கயே இருங்க" என்றார். சிரிக்கவில்லை. படகு நகர்ந்த பிறகும் அந்தக் கையை அவர் உடனே மடக்கிக்கொள்ளவில்லை.

போய் வாருங்கள், டீச்சர்.