ஆறாவது குழிக்கு உபயம்

செம்பூரில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் கேன்டீன் நடத்திக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் அங்கே தோட்டக்காரராக இருந்து, வேலையில் இருக்கும்போதே காலமானவர். இந்தக் கதை நடந்தது எண்பதுகளின் நடுவில் என்று நினைப்பு. டிராம்பே பக்கமாக மேடும் பள்ளமுமாய்க் கிடந்த பின்நிலத்தில் கோல்ஃப் மைதானம் வரப்போகிறது என்றார்கள். பெரிதாக ஒன்றுமில்லை, பந்தை அடித்து விழவைக்க ஆறே குழி.

பொறுப்பு, மாட்டுங்காவிலிருந்து வரும் ஒரு பேராசிரியருக்கு. என் கேன்டீன் மேசையில்தான் வரைபடத்தை விரித்து, பறக்காமலிருக்க டீ கிளாஸ்களை வைத்துக்கொண்டு பேசுவார். நிர்வாகம் நிலத்தைத்தான் கொடுத்தது, பணம் தரவில்லை. ஒரு குழியின் செலவை ஒருவர் ஏற்றுக்கொண்டால், அவர் சொல்லும் பெயரைப் பலகையில் எழுதிப் பக்கத்தில் நடுவார்களாம். முதல் ஐந்தையும் கம்பெனிக்காரர்களும் பழைய மாணவர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஆறாவதுக்கு ஆள் வரவில்லை.

"கோயில்ல டியூப் லைட்டு வாங்கிக் குடுத்து, உபயம்னு பேரு எழுதுவாகள்லா, அப்படியா சார்?" என்று கேட்டேன்.

"கிட்டத்தட்ட அதேதான்."

"அப்ப அது எங்க வீட்டுக்காரரு பேருல இருக்கட்டும்."

அவர் தயங்கினார். "உங்களுக்கு எதுக்கும்மா இது? யாரோ வந்து விளையாடப்போறா."

"ஏன் சார், எங்க துட்டு செல்லாதா?"

சீட்டு எடுத்த பணத்தை அப்படியே கொடுத்தேன். அந்த வளாகத்தில் அந்த மனுஷர் கை படாத மரம் கிடையாது. அவர் பெயரை நாலு பேர் வாயால் சொல்ல வேண்டும், எனக்கு அது போதும்.

திறப்பு விழாவுக்குத் தாராவியிலிருந்து மருமகனையும் சம்பந்தியம்மாவையும் வரவழைத்தேன். பட்டுச்சேலை கட்டி, கையில் தாம்பாளத்தோடு போனேன். பலகை இங்கிலீஷில் இருந்தது. நான் தமிழையே எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். மருமகன்தான் வாசித்துச் சொன்னார். பெயர் சரியாகத்தான் இருந்தது. கண் நிறைந்துவிட்டது.

உபயக்காரர் கையால் முதல் பூஜை நடப்பதுதானே வழக்கம்? யாரையும் கேட்கத் தோன்றவில்லை. குழியின் ஓரத்தில், பாய் விரித்தாற்போல ஒட்ட வெட்டியிருந்த புல்லின்மேல் கைப்பிடிக் கற்பூரத்தைக் குவித்துக் கொளுத்தினேன்.

முதல் பந்தை அடிக்க மட்டையோடு வந்துகொண்டிருந்த விருந்தாளி அப்படியே நின்றுவிட்டார். யாரோ "பானி, பானி" என்று ஓடினார்கள். அணைத்தபோது புல் சுருண்டு, தாம்பாளம் அகலத்துக்குக் கருகியிருந்தது. கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது.

"துட்டையும் குடுத்துட்டு, ஊரு சிரிக்க நிக்கீயளே மதினி," என்றாள் சம்பந்தி. மருமகன் பலகையைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டார்.

பேராசிரியர் வந்து என் தாம்பாளத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். "பரவாயில்லம்மா. குழியை எப்படியும் அப்பப்ப இடம் மாத்தித்தான் வெட்டணும். இதை நாளைக்கே தள்ளி வெட்டிடலாம்." அவர் திட்டியிருந்தால் நானும் பதில் பேசியிருப்பேன்.

புல் வளர்ந்து மூடிக்கொண்டது. பலகையை யாரும் பிடுங்கவில்லை. ஆனால் விளையாடிவிட்டு என் கேன்டீனுக்கு வருகிறவர்கள், இன்று எந்தக் குழியில் தோற்றோம் என்று பேசும்போது, ஆறாவதை மட்டும் ஹிந்தியில் கற்பூரக் குழி என்றே சொன்னார்கள். புதிதாக வந்தவன் காரணம் கேட்பான். யாராவது கதையைச் சொல்வார்கள், நான்தான் அது என்று தெரியாமலே. என் வீட்டுக்காரர் பெயர் ஒருவர் வாயிலும் வரவில்லை. நான் தலையை நிமிர்த்தாமல் டீயை ஆற்றிக்கொண்டிருப்பேன்.