போஸ்டாபீசில் பிறந்தவள்

எங்கள் பட்டணத்தில் பிரேமாவதி என்று விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. போஸ்டாபீஸ் பிரேமா என்றால் பசாரில் மீன் வெட்டுகிறவர்கூட வீட்டுக்கு வழி காட்டுவார். அக்கா அங்கே ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. கையுறைத் தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்று பேக்கிங் செய்கிறவர். பிறந்தது மட்டும்தான் போஸ்டாபீசில்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு பெருவெள்ளம். அவருடைய அம்மாவை ரப்பர் தோட்டத்திலிருந்து பிரசவத்துக்கு ஏற்றி வந்த லாரி, ஆஸ்பத்திரிப் பாதை மூழ்கிவிட்டதால் கடைத்தெருவிலேயே நின்றுவிட்டது. அந்தத் தெருவில் தண்ணீர் ஏறாத இடம், வெள்ளைக்காரன் உயரமாகக் கட்டிவைத்த போஸ்டாபீஸ் ஒன்றுதான். பின்னறையில் தபால் பைகளை விரித்து அந்தப் பெண்ணைப் படுக்க வைத்தார்கள். மகள் பிறந்தாள். மடியில் போட்டுக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, வெள்ளம் வடியும் முன்பே அம்மா இறந்துபோனாள். இருபது வயது. ஒரு படம்கூடக் கிடையாது.

அக்கா வருடம் தவறாமல் பிறந்தநாளில் அங்கே போவார். ஒற்றை ஸ்டாம்பு வாங்கும் சாக்கில் கவுண்டரில் நின்று பின்னறைக் கதவையே பார்ப்பார். உள்ளே விடுங்கள் என்று கேட்க மாட்டார். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று நான் திட்டியிருக்கிறேன். பிறகு போஸ்டாபீஸ் புதிய கடைவீட்டு வரிசைக்கு மாறியது. பூட்டிக் கிடந்த பழைய கட்டடத்தை இப்போது ஹோட்டலாக்குகிறார்கள். பின்னறையை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அக்கா சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"எங்கம்மா எனக்கு அம்மாவா இருந்தது அந்த ரூம்புல மட்டுந்தான்," என்றார்.

மறுநாள் காலையே அவரை இழுத்துக்கொண்டு போனேன். வேலையை மேற்பார்க்கும் ஷஃபிக் தகர வேலியருகே மறித்தான்.

"மாசோக் ஆவாது லா அக்கா, யாரும் வரக் கூடாது. உள்ள செவுரு ஒடைக்கிறாங்க."

நான் சண்டைக்குத் தயாரானேன். அக்கா முந்திக்கொண்டார். "தம்பி, நான் உள்ளதான் பொறந்தேன். எங்கம்மா அங்கயே செத்துட்டாங்க."

ஷஃபிக் உள்ளே குரல் கொடுத்து இடிப்பதை நிறுத்தினான். தன் ஹெல்மெட்டைக் கழற்றி, மல்லிகைச் சரம் நசுங்காமல் அக்காவின் தலையில் வைத்தான். அவன் நல்லா இருக்கணும்.

பின்னறையில் பாதிச் சுவர் போயிருந்தது. அக்கா தூசியைப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்தார். அழுவார் என்று நினைத்தேன். அழுதது நான்தான். அவர், குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி அந்தத் தரையை மெல்லத் தட்டிக்கொடுத்தார்.

"பயப்படாத கண்ணு," என்றார் தன் அம்மாவிடம். "சின்னப் புள்ள நீ. ஒம் பொண்ணு நல்லா இருக்கா."