காத்திருந்த புல்

கான்சாஸில் அந்த வட்டாரத்தில் புல்லிலிருந்து எரிபொருள் எடுக்கும் ஆலைக்குப் புல் வளர்த்துத் தர முதலில் ஒப்பந்தம் போட்டவள் ஆர்டிஸ் வாஷெக். மழை பொய்த்துச் சோளம் கருகுவதைப் பார்த்துச் சலித்துப்போய் எடுத்த முடிவு. புல் ஆள் மறையும் உயரத்துக்கு வளர்ந்தது. ஆனால் அறுப்பது ஆலைக் கம்பெனியின் இயந்திரத்தால்தான். அதுவரை அவள் தொடக்கூடாது என்பது நிபந்தனை. குளிர்காலம் முழுக்க, "இதோ வர்றோம்" என்றார்கள். மார்ச் பிறந்தும் புல் சருகாக நின்றது.

மார்ச்சில் எல்லோரும் மேய்ச்சல் நிலத்தைக் கொளுத்துவார்கள், புதுப்புல் துளிர்க்க. மேற்கே அடுத்த நிலம் கிழவர் க்ளைட் ஹோபட்டுடையது.

"வெடிமருந்தைக் குவிச்சு வச்சிருக்கே. நான் எப்படித் தீ வைக்கிறது?"

"அறுக்கச் சொல்லிக் கெஞ்சிட்டுத்தான் இருக்கேன் க்ளைட்."

காற்று அடங்கிய ஒரு காலையில் அவர் கொளுத்தினார். மதியம் காற்று திடீரென்று மேற்கிலிருந்து சீறியது. தீ வேலியைத் தாண்டினால் வயல். வயலை ஒட்டிக் கிழக்கே அவள் வீடும், சினைமாடுகள் நின்ற கொட்டகையும்.

ஆர்டிஸ் கம்பெனி ஆள் ட்ரென்டைப் போனில் அழைத்தாள். "வீட்டுப் பக்கமிருந்து நானே எரிச்சிடப்போறேன். தீ வந்து சேர்றப்போ அதுக்குத் தின்ன ஒண்ணும் இருக்கக்கூடாது."

"கை வைக்காதீங்க மேடம். ஒப்பந்தப்படி அது எங்க சரக்கு."

"அப்ப வந்து நீங்களே காப்பாத்திக்கோங்க!"

தண்ணீர் வண்டியோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார் க்ளைட். அவர் கொட்டகையோரத் தரையை நனைத்துக்கொண்டே போக, ஆர்டிஸ் பின்னாலேயே புல்லுக்குத் தீ வைத்தாள். அவள் வைத்த தீ காற்றை எதிர்த்து மெல்ல ஊர்ந்தது. எதிரே க்ளைடின் தீ வீட்டு உயரத்துக்கு எழும்பி ஓடி வந்தது. மாடுகள் கதறின. அவள் எரித்துக் கரியாக்கிய நிலப்பட்டை தீயைத் தடுக்கப் போதுமா என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டும் நடுவயலில் மோதி ஒரு கணம் வானத்தை மறைத்தன. பிறகு எரிய எதுவுமில்லாமல் அடங்கின.

"உன் பயிர் போச்சேம்மா," என்றார் க்ளைட், முகமெல்லாம் கரியோடு.

"வேர் இருக்கு."

வழக்குப் போடுவோம் என்று கம்பெனி மிரட்டியது. கையெழுத்துப் போடக் காத்திருந்த மற்ற விவசாயிகள் பின்வாங்கியதும் இறங்கி வந்தது.

"மறுபடி ஒப்பந்தம் போடுவீங்களா?" என்று ட்ரென்ட் கேட்டான்.

"போடுவேன். எப்ப அறுக்கணும்னு நான் சொல்லுவேன். பனி விழறதுக்குள்ள நீங்க வரலைன்னா நானே அறுப்பேன்."

கோடை முழுக்க இழுத்தடித்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். அவளுக்குப் பின்னால் சிலர் கையெழுத்துப் போட்டார்கள். க்ளைட் மட்டும் கடைசிவரை போடவில்லை.