பெரிய வெள்ளி நண்பகலில் ஒரு கரண்டி சர்க்கரை

நம் கோயிலின் ஞாயிறு பூசையில் என்னோடு முழந்தாளிடும் சகோதர சகோதரிகளே, இதை எழுத நான் ஓராண்டு தயங்கினேன். காரணம் இரண்டு. ஆண்டவர் எனக்கு இரங்கியது ஒரு பூனையின் பொருட்டு என்பது முதலாவது. பட்டம் பெற்றவன், எண்ணூர்த் தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் ஓய்வு பெறும்வரை இரசாயனம் பார்த்தவன், பங்கு மன்றத்தின் தலைவன் ஒரு பூனைக்காக அழுதான் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். இரண்டாவது காரணத்தைக் கேட்ட பிறகு சிரிக்க மாட்டீர்கள்.

எழுபத்து மூன்றாம் ஆண்டு. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு ஒரு வாரம் முன்பு. காலையில் குளியலறைக் கதவைத் திறந்தேன். பூனை மூத்திரம் பெய்திருந்த மூலையில் எறும்பு மொய்த்திருந்தது. நான் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். அதே குளியலறையில், அதே போன்ற எறும்புகளை, என் மனைவி பிலோமினா உயிரோடிருந்தபோது பார்த்திருக்கிறேன்.

அது அவளுடைய பூனை. நெஞ்சை நிமிர்த்தி நடக்கும் சாம்பல் நிறக் கடுவன். துரை என்று அவள்தான் பெயர் வைத்தாள். யாரைப் பார்த்து வைத்தாள் என்பது எனக்குத் தெரியும். பாலில் சர்க்கரை கலந்து, ரொட்டியை ஊறவைத்துக் கொடுப்பாள். அவள் இறந்தபின் நானும் அதையே கொடுத்துவந்தேன். பிரியத்தினால் அல்ல. வீட்டின் ஒழுங்கு மாறக்கூடாது என்பதற்காக.

அந்த வாரம் முழுவதும் பூனை தண்ணீர் குடித்தது. வாளியின் விளிம்பைப் பற்றிக்கொண்டு நக்கி நக்கிக் குடிக்கும் ஓசை கூடத்துக்குக் கேட்கும். நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிடுவேன். பிலோமினாவும் இப்படித்தான் செம்பு செம்பாகக் குடித்தாள். பூனையின் முதுகெலும்பு புடைத்தது. பின்னங்கால்களின் குதிகால் தரையில் படும்படி தள்ளாடி நடந்து, அவளுடைய கட்டில் கிடந்த வெறும் இடத்தில் போய் உட்காரும். அங்கிருந்து என்னையே பார்க்கும். அதன் கண்களைச் சந்திக்க என்னால் இயலவில்லை.

ஏன் இயலவில்லை என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

பிலோமினாவுக்கு நீரிழிவு. தினமும் காலையில் இன்சுலின் ஊசியை நானே போட்டுவந்தேன். ஒரு கோடு கூடாமல் குறையாமல் போடுவேன் என்பதில் எனக்குப் பெருமை. எழுபத்தோராம் ஆண்டுப் பெரிய வெள்ளியன்று அவள் ஒருசந்தி, அதாவது ஒரே வேளை உண்ணும் விரதம், இருந்தாள். நோயாளிகளுக்குத் திருச்சபை விதிவிலக்குத் தந்திருக்கிறது. சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். நான் கேட்கவில்லை. தலைவர் வீட்டில் ஒருசந்தி முறிந்தது என்று ஒருவரும் சொல்லக்கூடாது. மூன்று மணி வழிபாடு முடிந்துதான் எங்கள் வீட்டில் உலை ஏறும். ஆனால் ஊசியை மட்டும் வழக்கமான நேரத்துக்கு, வழக்கமான அளவில் போட்டேன்.

நண்பகலில் அவளுக்கு வியர்த்தது. கை நடுங்கியது. "கொஞ்சம் சக்கர தண்ணி குடுங்களேன்" என்றாள்.

"மூணு மணி வரைக்கும் பொறு. ஆண்டவர் சிலுவையில பொறுத்தார்" என்றேன்.

படுத்தாள். நான் சட்டை மாற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். இயேசுவின் பாடுகளின் வாசகத்தைப் பிழையின்றிப் படித்தேன். திரும்பி வந்தபோது அவளுக்குப் பேச்சு மூச்சு இல்லை. வந்த மருத்துவர் இருதயம் என்று எழுதினார். ஊசியைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பெரிய வெள்ளியில் இறந்த புண்ணியவதி என்று நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள். காசிமேட்டுக் கல்லறையில் அதைக் கேட்டபடி தலை குனிந்து நின்றேன். இருதயம்தான், இருதயம்தான் என்று இரண்டு ஆண்டு எனக்கு நானே சொல்லிவந்தேன். விடியற்காலையில் மட்டும் அந்தப் பொய் பலிப்பதில்லை. செம்பை யாரோ தரையில் வைக்கும் ஓசையில் விழிப்பேன். கூடத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

பூனையைக் கூடையில் வைத்து, மேலே துண்டு போர்த்தி, தெரிந்தவர் கண்ணில் படாமல் ரிக்‌ஷாவில் வேப்பேரிக்குக் கொண்டுபோனேன். கால்நடை மருத்துவர் இளைஞர்.

"சர்க்கரை நோய்தான் சார். மருந்து இருக்கு, மனுஷங்களுக்குப் போடுற இன்சுலின்தான். ஆனா பூனைக்கு தினமும் ஊசி போட்டு, மூத்திரம் சோதிச்சுப் பாக்க யாரால முடியும்? கஷ்டப்படாம போக வச்சுடலாம்."

"என்னால் முடியும்" என்றேன். அது என் வறட்டுக் கௌரவம் பேசியது. வீடு வந்து அலமாரியைத் திறந்து, இரண்டு ஆண்டாகத் தொடாத அவளுடைய கண்ணாடி ஊசியைக் கையில் எடுத்து, மறுபடி அதன் இடத்திலேயே வைத்துவிட்டேன். இயேசுவின் சுரூபத்தின் முன் முழந்தாளிட்டேன். பிராணிகளுக்காகப் பரிந்து பேசுகிற வனத்து அந்தோனியாரையும் கூப்பிட்டேன். என் செபம் ஒரே வரிதான்: "ஆண்டவரே, இந்தக் கை இரண்டாம் முறை கொல்லாதிருக்கட்டும்." அதைத்தான் ஆறு வாரமும் செபித்தேன்.

மருத்துவர் சொன்னபடி பாலையும் ரொட்டியையும் நிறுத்தினேன். காலையும் மாலையும் வேகவைத்த மீன் மட்டும். சாப்பிட்டு முடித்ததும் தோளுக்குப் பின்னால் தோலைத் தூக்கிப் பிடித்து இரண்டு யூனிட். மருந்துக் குப்பியை மண்பானையின் ஈரத்தில் வைத்தேன். பூனையின் தட்டில் மணலைக் கொட்டிவிட்டுக் கழுவிய கூழாங்கல் நிரப்பினேன். அடியில் தேங்கும் மூத்திரத்தில் எட்டுச் சொட்டு, நானே தயாரித்த பெனடிக்ட் கரைசலில் விட்டு, சாராய விளக்கில் கொதிக்கவைப்பேன். நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறி, செங்கல் நிறமானால் மிக அதிகம். முதல் மூன்று வாரம் செங்கல்தான்.

மருந்துக் கடைக்காரர், "யாருக்கு சார் இன்சுலின்?" என்றார்.

"வீட்டில் ஒருவருக்கு."

"அம்மா போனாங்க, இப்ப உங்களுக்குமா? இனிப்ப விட்டுடுங்க சார்!"

மறுக்கவில்லை. பூனைக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. விளைவு, மன்றக் கூட்டங்களில் தவக்காலம் முழுவதும் எனக்குச் சர்க்கரையில்லாத காப்பி வந்தது. குடித்தேன்.

உண்மை தெரிந்தவள் ஒருத்திதான். மீன் கொண்டுவரும் சவரியம்மா. கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, நானும் பூனையும் இருக்கும் கோலத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொள்வாள்.

"இன்னா சார், ஒரு வூட்ல ரெண்டு தொர! ஒர்த்தரு துன்றாரு, ஒர்த்தரு மொறைக்கிறாரு."

நான்காம் வாரம் நிறம் மஞ்சளானது. ஐந்தாம் வாரம் பச்சை. பூனை குதிகாலைத் தூக்கி நடந்தது. வாளியின் பக்கம் போவது குறைந்தது. எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெரிய வெள்ளி நெருங்கிக்கொண்டிருந்தது.

பெரிய வியாழன் காலை சவரியம்மா சொன்னாள்: "நாளிக்கி ஒரு படவும் கடலுக்குப் போவாது சார். தொரைக்கு இன்னா பண்ணுவ? இன்னிக்கே ரெண்டு சேத்து வாங்கிக்கோ."

"ஒரு நாள் அதுவும் ஒருசந்தி இருக்கட்டும்" என்றேன். சொன்ன வாயை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

பெரிய வெள்ளி விடிந்தது. கரைசலைக் கொதிக்கவைத்தேன். நீலம். முந்திய இரு நாட்களும் நீலம்தான். சர்க்கரை இறங்கிவிட்டது என்று எந்த மாணவனும் சொல்லியிருப்பான். நான் அப்படி நினைக்கவில்லை. இந்நோய் இறங்கும் என்று மருத்துவர் சொல்லவில்லை, ஆகவே இறங்காது. கரைசல் பழையதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று முடிவு செய்தேன். ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் இருந்த பூனைக்கு இரண்டு யூனிட் போட்டேன்.

பன்னிரண்டரை. சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தேன். கூடத்தில் ஏதோ விழுந்தது. பூனை பக்கவாட்டில் கிடந்தது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை. தலை பின்னால் வளைந்து, கண் திறந்தபடி. கிடந்தது அவளுடைய கட்டில் இருந்த இடத்தில்.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். சர்க்கரை டப்பா பத்தடி தூரத்தில் இருந்தது. கால் நகரவில்லை. ஏன் தெரியுமா? ஒரு கரண்டி சர்க்கரையில் இந்தப் பூனை எழுந்துவிட்டால், பிலோமினாவும் எழுந்திருப்பாள் என்று ஆகிவிடும். இருதயம் என்ற சொல் அதன்பின் எனக்கு மிஞ்சாது. பூனை செத்தால் அந்தச் சொல் மிஞ்சும். இதை எழுதும்போது என் எழுத்து கோணுகிறது. ஆனாலும் நடந்தது அதுதான்.

முழந்தாளிட்டேன். அதே ஒரு வரியைச் சொன்னேன். "என்னால் முடியவில்லை ஆண்டவரே, யாரையாவது அனுப்பும்" என்று அலறினேன். அலறல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

கதவு தள்ளித் திறந்தது. வெள்ளைச் சேலையில், கோயிலுக்குப் புறப்பட்ட கோலத்தில் சவரியம்மா. கையில் இலைப் பொட்டலம். முந்திய நாள் மீனில் இரண்டைப் பூனைக்கென்று அவித்து எடுத்து வந்திருந்தாள்.

"தொர பட்டினியா கெடக்குமேன்னு... ஐய, இன்னா சார் இது! ஊசி போட்டியா? துன்னாத வவுத்துக்கா போட்ட?"

தலையசைத்தேன்.

"எங்க நைனாவுக்கும் இந்த ஊசிதான். போட்டுட்டு துன்னலன்னா இப்டிதான் இசுக்கும். எங்க சேரியில சின்னப் புள்ளைக்கும் தெரியும். சக்கர எங்க? எந்திரி சார்!"

நான் எழுந்தேன். டப்பாவை எடுத்தேன். சர்க்கரையைத் தண்ணீரில் குழைத்து வாயில் ஊற்றப் போன கையைத் தட்டிவிட்டாள்.

"ஊத்தாத, பொரையேறிடும். ஈறுல தேய்."

தேய்த்தேன். என் விரலால், ஒவ்வொரு துளியாக. சுவர்க்கடிகாரம் ஒன்று அடித்தது. இழுப்பு தளர்ந்தது. மேலும் சற்று நேரம். பூனை என் விரலை நக்கியது. பிறகு தலையைத் தூக்கி, எங்கள் இருவரையும் பார்த்து, அதிகாரமாக ஒரு குரல் கொடுத்தது.

"பாரு திமிர! சாவப் போன தொர, எந்திரிச்சதும் மீன் கேக்குது" என்று சவரியம்மா சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "பொழச்சிகிச்சில்ல, இன்னாத்துக்கு அழுவுற?"

"அம்மாவும் இப்படித்தான் கிடந்தாங்க சவரி. சர்க்கரைத் தண்ணி கேட்டாங்க. நான் குடுக்கல."

அவள் சிரிப்பு நின்றது. மீனைப் பிய்த்துப் பூனைக்கு வைத்துக்கொண்டே, "ஆண்டவர்கிட்ட சொல்லு. என்கிட்ட இன்னாத்துக்கு?" என்று மட்டும் சொன்னாள். மூன்று மணி அடிக்கும்வரை என்னோடு தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். என் வாசகத்தை அன்று வேறொருவர் படித்தார். உடல்நலமில்லை என்று நீங்கள் எண்ணிக்கொண்டீர்கள்.

அன்றிலிருந்து ஊசி போடவில்லை. "சில பூனைகளுக்கு இப்படி ஆகும் சார். மீன் சாப்பாடும் மருந்தும் சேர்ந்து உடம்பு மறுபடி வேலை செய்யத் தொடங்கிடும். ஆனா சோதிக்கறத விட்டுடாதீங்க, திரும்பி வரலாம்" என்றார் மருத்துவர். வாரந்தோறும் சோதிக்கிறேன். ஓராண்டாக நீலம்.

என் கை தவறக்கூடாது என்று செபித்தேன். கை தவறியது. ஆண்டவர் வேறொரு கையை அனுப்பினார். அது நான் வாசலைத் தாண்டி உள்ளே அழைத்திராத ஒருத்தியின் கை. அவள் கையில் பிழைத்தது பூனை மட்டுமன்று.

உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முன்பே பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் மன்னிப்பளித்தார். பிறகு திருவொற்றியூரில் வாழும் என் மகளிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். "அம்மா வாயத் தொறந்து கேட்டாங்களாப்பா?" என்றாள். "கேட்டாள்" என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான்கு மாதம் என்னோடு பேசவில்லை. ஆகஸ்டில் ஒரு நாள் வந்து நின்றாள். "கோவம் போகலப்பா. போகும்னும் தெரியல. ஆனா பொய் சொல்லிட்டிருந்த அப்பாவைவிட இது பரவாயில்ல" என்றாள். அந்த அளவு கிடைத்ததற்கே நான் நன்றி சொல்கிறேன்.

பிலோமினா திரும்பவில்லை. விடியற்காலையில் இன்னும் விழிக்கிறேன். ஆனால் இப்போது எழுந்து உட்கார்ந்து, அவள் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன். முன்பு போர்வைக்குள் ஒளிந்துகொள்வேன்.

சகோதர சகோதரிகளே, சாம்பல் புதன் வருகிறது. நம் பங்கில் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறீர்கள். ஊருக்கு அஞ்சி ஒருசந்தி இருக்காதீர்கள். விதிவிலக்குக் கேட்க வெட்கமாயிருந்தால் உங்களுக்காக நான் சாமியாரிடம் கேட்கிறேன். அன்று காலை ஆறு மணிக்கே என் வீட்டில் அடுப்பு எரியும். இட்லியும் சர்க்கரையில்லாத காப்பியும் இருக்கும். சவரியம்மா உதவிக்கு வருகிறாள். தலைவர் வீட்டில் ஒருசந்தியன்று புகை வருகிறது என்று தெரு பேசட்டும். இரக்கமுள்ள ஆண்டவரை நம்பி, கதவைத் தட்டாமலே உள்ளே வாருங்கள். முதல் தட்டை நானே வைக்கிறேன்.