காகிதத்தின் பின்பக்கம்

அரியலூரில் நான் பஸ் ஏறியபோது பக்கத்து சீட்டில் ஒருவர் இருந்தார். ஒட்ட வெட்டிய முடி, வெயிலில் கருத்த முகம். பேசும்போது உள்ளங்கையை விமானம் போல விரித்துச் சாய்ப்பார். கடற்படைக் கப்பலில் விமானம் இறங்குவதைப் பார்த்துக் குறிப்பெழுதும் வேலையாம்.

"கப்பல் ஆடுமே சார்?"

"ஆடும் தம்பி. இப்ப விமானத்துல கம்ப்யூட்டரே நொடிக்கு நொடி பாதைய திருத்திக்குது. அப்படி இருந்தும் ஒவ்வொரு தடவ எறங்குனதுக்கும் காத்து, வேகம், எங்க பிசகுச்சுன்னு அத்தனையும் எழுதிடுவோம்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. போன மாதம், ஓட்டிப்போன சுண்ணாம்புக்கல் லாரி கவிழ்ந்து செத்த என் அண்ணனுக்குப் போலீஸ் எழுதியது ஒரே வரி. வக்கீலிடம் காட்ட எடுத்துப்போன அந்தக் காகிதத்தை நீட்டினேன். 'ஓட்டுநரின் கவனக்குறைவு.'

"பிரேக் எப்படி இருந்துச்சு? எவ்ளோ லோடு?"

"பிரேக் புடிக்கலன்னு மூணு நாளா ஓனர்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தான் சார்."

"அது இதுல இல்லையே?"

"யாரும் எங்கள கேக்கவே இல்ல சார்."

அவர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதன் பிறகு அவர் கை மடியிலேயே கிடந்தது. பெரம்பலூரில் இறங்கும்போது தன் பேனாவை என்னிடம் கொடுத்தார்.

"நீயே எழுது தம்பி."

எட்டாவதோடு நின்றவன் நான். அந்தப் பின்பக்கத்தில் தெரிந்த மட்டும் எழுதிவிட்டேன். அதை யார் படிப்பார்கள் என்பதை மட்டும் அவர் சொல்லாமல் போய்விட்டார்.